நீலக்கட்டச் சட்டையின் ஓரம்

கொழுமடையில் துணிகளுக்கெல்லாம் இலையோரம் வந்த அந்தத் தை மாதத்திலிருந்து உலகம்மாளுக்குத் துவைக்கப் பயமாக இருந்த துணி ஒன்றே ஒன்றுதான். அது அவள் புருஷன் கொம்பையா கழற்றிப் போட்டுவிட்டுப் போன நீலக்கட்டம் போட்ட சட்டை.

நடந்தது என்னவென்றால், பொங்கல் கழிந்து வாசல் கோலங்களின் காவி மங்கத் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில் தாமிரபரணியில் துவைத்துக் கொடியில் போட்ட துணிகள் உச்சிவெயிலில் காய்ந்து முடிந்தபோது, ஊரில் கிட்டத்தட்ட ஒன்றுக்கும் ஓரம் நேராக இல்லை. ஊராட்சித் தலைவர் சங்கரபாண்டியின் துண்டு வேப்பிலை போலப் பல் பல்லாக நுனி பார்த்துச் சாய்ந்திருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸம்மாவின் வெள்ளைச் சேலை வல்லாரை இலை போலப் பிறை பிறையாக வளைந்திருந்தது. யார் எந்தப் பக்கம் பேசினாலும் அந்தப் பக்கம் ஆமாம் போடும் டீக்கடைக் குருசாமியின் வேட்டி நெட்டிலிங்க இலை போல மேலும் கீழுமாக அலைந்திருந்தது. கிழிசல் இல்லை, கத்திரி பட்ட தடம் இல்லை, ஒரு நூல்கூடப் பிரிந்து தொங்கவில்லை. தறியிலிருந்து இறங்கும்போதே அப்படித்தான் இறங்கியது போல நூல் ஓரம் வரை வந்து, வளைந்து, உள்ளே திரும்பிப் போயிருந்தது.

கொழுமடைக்காரர்கள் எதற்கும் வாயைப் பிளக்கிறவர்கள் இல்லை. முதலில் புதிதாக வந்த சோப்புத்தூளைத் திட்டினார்கள், பிறகு அணையில் திறந்துவிட்ட தண்ணீரைத் திட்டினார்கள், பிறகு கைக்கு எட்டினார் என்ற ஒரே காரணத்துக்காக டெய்லர் ஞானமுத்துவைத் திட்டினார்கள். ஞானமுத்து பாவம், சாப்பாட்டை மறந்து எல்லார் துணியையும் நேராக வெட்டி மடித்து ஓரம் அடித்துக் கொடுத்தார். அடுத்த துவைப்பில் அவர் அடித்த தையலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓரம் பழையபடி பல்லும் பிறையுமாக வந்து நின்றது. மாசி பிறப்பதற்குள் ஊர் அதைத் திட்டுவதை விட்டுவிட்டு அதோடு வாழ ஆரம்பித்துவிட்டது. ஒருவருடைய துணி எத்தனை தடவை துவைத்தாலும் ஒரே ஓரத்தில்தான் காய்கிறது, அவரவருக்கு அவரவர் ஓரம் என்று தெரிந்ததும், கொடியில் துணி மாறிப் போகும் சண்டையாவது தீர்ந்ததே என்று பெண்கள் நிம்மதி அடைந்தார்கள்.

ஊருக்குப் பார்க்கக் கண் இருந்தது, சொல்லத்தான் சொல் இல்லை. கடித்த மாதிரி, வெட்டின மாதிரி, சுருட்டின மாதிரி என்பதற்கு மேல் நாக்கு ஓடவில்லை. அப்போதுதான் எல்லாருக்கும் பியூலா டீச்சரின் ஞாபகம் வந்தது. மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறவர் அவர். இலை விளிம்பின் வகைகள் என்ற பாடத்தை வருஷா வருஷம் ஆசையோடு நடத்துவார்; பிள்ளைகள் வருஷா வருஷம் அந்தக் கேள்வியைச் சாய்ஸில் விடுவார்கள். இப்போது பள்ளி விட்டதும் வாசலில் ஆளுக்கொரு துண்டும் வேட்டியுமாக ஊரே நின்றது. டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது ரம்ப விளிம்பு, இது இரட்டை ரம்பம், பல்லுக்குள்ளே பல் இருக்கு பாருங்க, இது சாயாமல் நேராக வெளியே நீட்டியிருப்பதால் வெறும் பல் விளிம்பு, இது பிறை, இது அலை, இது பருத்தி இலை போல மடல் மடலாகப் போவதால் மடல் விளிம்பு, இது ஓரம் முழுக்க மெல்லிய முடி நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் விளிம்பு, இது அடிப்பக்கம் சுருண்டு போகும் சுருள் விளிம்பு என்று சொல்லச் சொல்ல, ஊர் அதைப் பிரசாதம் வாங்குவது போல வாங்கிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு பேச்சே மாறிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் நட்சத்திரம் கேட்ட கையோடு "பிள்ளைக்கு என்ன விளிம்பு?" என்றார்கள். பேருந்தில் சிரித்துச் சிரித்துப் பேசும் கண்டக்டர் தளவாயின் காக்கிச்சட்டை பிரம்மதண்டு இலை போல முள் முள்ளாகக் காய்ந்ததிலிருந்து மீதிச் சில்லறையை யாரும் அவரிடம் உரக்கக் கேட்பதில்லை. பச்சைப்பிள்ளைகளின் துணி பொதுவாக அலையாகத்தான் காய்ந்தது, பல் முளைத்த பிறகே அதற்கென்று ஒரு ஓரம் வந்தது. முப்பிடாதி அம்மன் சேலைக்கு என்ன ஓரம் வருமோ என்று ஊர் பயபக்தியோடு காத்திருந்தது. அது வெள்ளிக்கு வெள்ளி வேறு வேறு ஓரத்தில் காய்ந்தது, எல்லாருக்கும் பொதுவான ஆள் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

உலகம்மாளின் சேலை மட்டும் டீச்சரைக் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது. அதன் ஓரத்தில் ஒழுங்கு என்பதே இல்லை. ஓர் இடத்தில் ஆழமாக, ஓர் இடத்தில் மேலோட்டமாக, புழு இருந்து இருந்து தின்றுவிட்டுப் போன இலை போல இருந்தது.

"இது கொறித்த விளிம்பு" என்றார் டீச்சர். "அபூர்வம். பாத்தா எதுவோ தின்ன மாதிரித்தான் இருக்கும். ஆனா எதுவும் தின்னல உலகம்மா. மொட்டுல இருந்தே அது அப்படித்தான் வளருது."

"நல்லாப் பாருங்க டீச்சர்" என்றாள் உலகம்மாள். "தின்னுருக்கும்."

ஊரும் அவள் கட்சிதான். பாவம், கவலை அரித்திருக்கிறது, அரிக்காமல் என்ன செய்யும் என்று ஆற்றங்கரையில் பேசிக்கொண்டார்கள். கொம்பையாவின் கதை ஊருக்கே தெரியும். வாழையிலை லாரியில் லோடுமேனாகச் சென்னைக்குப் போய்வந்துகொண்டிருந்தவன், ஓர் ஆடி மாதம் விக்கிரவாண்டிப் பக்கம் டீ குடிக்க இறங்கினான். டிரைவர் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பெஞ்சில் பாதி டீயோடு கிளாஸ் இருந்தது, ஆள் இல்லை. தேடாத இடம் இல்லை, கேட்காத போலீஸ் இல்லை. அந்த வருஷம் வாசலில் நட்ட தென்னை இப்போது காய்க்கிறது.

கொம்பையாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எத்தனை நிதானமாகப் போட்டாலும் சட்டைப் பித்தானை ஒன்று மாற்றித்தான் போடுவான்; ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கும். அவனுடைய அம்மா ஆவுடையம்மாள் வாசலில் மறித்து எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டால்தான் வெளியே விடுவாள். அன்றைக்கு லாரிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். முந்தின நாள் போட்டிருந்த நீலக்கட்டத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெள்ளைச்சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினவனை அவள் "நில்லுல" என்று கூப்பிட்டாள். "வந்துருதேன் எம்மா, வந்த பொறவு சரியாப் போட்டு விடு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான். அந்தக் கோணல் சட்டை ஆவுடையம்மாளின் கண்ணிலேயே நின்றது; பிறகு கண்ணில் பூ விழுந்து பார்வை மங்கியபோதும் அது மட்டும் மங்கவில்லை.

மற்றச் சட்டைகளைத் தம்பிமார்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆணியில் தொங்கிய நீலக்கட்டத்தை உலகம்மாள் யாருக்கும் கொடுக்கவில்லை, துவைக்கவும் இல்லை. கொழுமடையில் வாழைத்தோட்டத்துக்கு இலை அறுக்கவும் கட்டுச் சுமக்கவும் போகிற பெண்கள் எல்லாரும் சேலைக்கு மேலே புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள், வாழைக்கறை பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது என்பதால். விடிகாலையில் வரப்பில் வரிசையாகப் போகும்போது தூரத்தில் இருந்து பார்த்தால் அந்த ஊர் ஆண்களெல்லாம் தலையில் கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது போல இருக்கும். உலகம்மாள் மட்டும் உரச்சாக்கில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு போவாள். "ஏட்டி, சட்டையை எதுக்குப் பூட்டி வச்சிருக்க, அது என்ன முட்டையா போடப்போவுது?" என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். படுக்கும்போது அதை மடித்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்வாள். அதில் அவன் மணம் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். தெரியாதவள் மாதிரி இருந்தாள். மாமியாரைக்கூடத் தொடவிட்டதில்லை.

இந்தச் சட்டைக்கு ஆபத்து வந்தது மாசிக் கடைசியில், செல்லையாப் பாட்டையா இறந்த அன்று. அவர் வேட்டி எப்போதும் இரட்டை ரம்பமாகக் காயும், அவர் வாயைப் போலவே. அன்று காலையில் துவைத்துப் போட்ட வேட்டியை மத்தியானம் எடுக்கப் போன மருமகள், அது சர்க்கார் ரோடு மாதிரி நேராகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார். இருந்த ஓரம் போனால் ஆள் போயாச்சு என்று ஊர் அன்றைக்குத் தெரிந்துகொண்டது. அந்த வினாடியே எல்லார் தலையும், ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்கக்கூடாது என்பது போல மெதுவாக, உலகம்மாள் இருந்த பக்கம் திரும்பியது.

அந்தத் துஷ்டி வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்கள். ஆற்றில் "மயினி, அண்ணன் சட்டையக் கொண்டாங்க, நாங்க வலிக்காமத் துவைக்கோம்" என்றார்கள். டீக்கடையில் கொம்பையா இருக்கான் என்று ஒரு பெஞ்சும் இல்லை என்று எதிர்பெஞ்சும் பிரிந்து உட்கார்ந்தன. குருசாமி இரண்டு பெஞ்சுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டு டீ ஆற்றினார். நல்லவேளையாக ஊருக்கு நடுவில் வேறொரு வழக்கு வந்து அவளைக் கொஞ்ச நாள் காப்பாற்றியது. வடிவு தன் பச்சைப் பட்டுச்சேலையை ஒரு கல்யாணத்துக்காக நாத்தனார் இசக்கியிடம் கொடுத்திருந்தாள். இசக்கி கல்யாணம், சடங்கு, வளைகாப்பு என்று அதைத் திருப்பித் தராமலே கட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் வடிவு போய்ப் பிடுங்கி வந்து அலசிப் போட்டபோது அது வடிவின் பிறையில் காயாமல் இசக்கியின் மடல் விளிம்பில் காய்ந்தது. பஞ்சாயத்தில் இரண்டு பேரும் தொண்டை வற்றக் கத்தினார்கள். துணி காசு கொடுத்து வாங்கினவரைப் பார்ப்பதில்லை, கூட இருந்தவரைத்தான் பார்க்கிறது, சேலை இனி இசக்கியுடையது என்று சங்கரபாண்டி தீர்ப்பு சொன்னார். வடிவு மண்ணை வாரித் தூற்றினாள். உலகம்மாளும் கூட்டத்தோடு நின்று சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் ஆவுடையம்மாள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கண் போன பிறகு அவள் செய்யும் வேலை அதுதான். ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். முள்ளாகக் குத்தினால் தன் சேலை, கொறித்திருந்தால் மருமகள் சேலை. இரண்டையும் தனித்தனியாக அடுக்கிவிட்டு, அன்றைக்கு அவள் நேராகவே கேட்டாள்.

"உலகு, அந்தச் சட்டையத் துவைச்சுப் போடுட்டி."

"மாட்டேன் அத்தை."

"ஒனக்கு வயசு இருக்கு, காத்துக் கெடப்ப. எனக்கு என்ன இருக்கு? அமாவாசைக்கு அமாவாசை காக்காக்குச் சோறு வைக்கேன். ஒன் மாமனார் பேரச் சொல்லுதேன், எங்க அய்யா பேரச் சொல்லுதேன். அதுக்குப் பொறவு அவன் பேரச் சொல்லவா வேண்டாமான்னு நாக்கு அந்தரத்துல நிக்கி. சொன்னா உசுரோட இருக்கிற பிள்ளையக் கொன்ன பாவம். சொல்லாட்டா அவன் அங்க பசியோட நிப்பான். எனக்கு இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி. நடுவுல நிக்கத்தாம்ட்டி முடியல."

உலகம்மாளுக்குக் கோபம் வந்தது. அழுகையைத்தான் அவள் பாதிநேரம் கோபமாக வெளியே விடுவாள்.

"ஒங்களுக்கு ரெண்டும் சரி அத்தை. எனக்கு? நேராக் காஞ்சா செத்துட்டாவன்னு சொல்லுவிய, தாலிய எடுப்பிய, அது போவட்டும். ஓரம் வந்துட்டுன்னு வைங்க. உசுரோட இருக்காவ, இருந்துக்கிட்டே இத்தன வருசமா வரலன்னு ஆயிரும். அதை நான் எங்கிட்டுக் கொண்டு வச்சுக்கிடுவேன்?"

அந்த இரண்டு பெண்களும் ஒரே மனிதனுக்காகத்தான் ஏங்கினார்கள், ஆனாலும் ஒருத்தியின் ஏக்கத்தை ஒருத்தி தொட முடியவில்லை.

விஷயம் பியூலா டீச்சரின் காதுக்கும் போயிற்று. தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த உலகம்மாளை அவர் வழியில் பிடித்துக்கொண்டார். டீச்சரின் சேலைகள் தை மாதத்திலிருந்தே நேராகத்தான் காய்ந்துகொண்டிருந்தன. தனக்கு முழு விளிம்பு, வெற்றிலைக்கும் வாழைக்கும் புங்கைக்கும் இருப்பது அதுதான், நேராக இருப்பதும் ஒரு விளிம்பு வகை என்று அவர் சொல்லித்தான் பார்த்தார். செல்லையாப் பாட்டையா போன பிறகு ஊர் அவரை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தது, கடைக்காரர்கள் தக்காளியில் ஒன்று கூடப் போட்டுக் கொடுத்தார்கள்.

"நேராக் காஞ்சா செத்துட்டார்னு நெனைக்காத உலகம்மா. அவருக்கு இதுக்கு முன்னால ஓரம் இருந்துச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? என்னப் பாரு, நான் நல்லாத்தான இருக்கேன்."

"அப்பம் அந்தச் சட்ட ஒண்ணுமே சொல்லாதா டீச்சர்?"

டீச்சர் வரப்போரத்து மரத்தில் ஓர் இலையைக் கிள்ளினார். "இலையப் பாத்து மரத்தோட பேரைச் சொல்லலாம். மரம் எங்க நிக்குதுன்னு இலைகிட்டக் கேக்க முடியாது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். உலகம்மாளுக்கு அது இருந்த கொஞ்சப் பயத்தோடு இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது.

பங்குனி அமாவாசை வந்தது. ஆவுடையம்மாள் குளித்து ஈரச்சேலையோடு கொல்லைச் சுவரில் வாழையிலைத் துண்டை விரித்து அதில் சோற்றை உருட்டி வைத்து, கா கா என்று கூப்பிட்டாள். காக்கா முருங்கை மரத்தில் வந்து உட்கார்ந்தது. புருஷன் பேரைச் சொன்னாள். தன் அப்பா பேரைச் சொன்னாள், அம்மா பேரைச் சொன்னாள். பிறகு வாய் திறந்தபடி நின்றாள். உள்ளே அடுப்படியிலிருந்து உலகம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். உளுந்து வேகிற நேரம் வரைக்கும் அந்த வாய் மூடவும் இல்லை, பேசவும் இல்லை. மூடினால் ஒரு பாவம், பேசினால் ஒரு பாவம் என்று, வெயில் ஏற ஏற, கண் தெரியாத அந்த முகம் காக்கா இருக்கும் திசையைக்கூடத் தவறவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றது. இந்த வாய் ஒவ்வோர் அமாவாசையும் இப்படித்தான் நின்றிருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று உலகம்மாளுக்கு நெஞ்சு வலித்தது. அவள் அடுப்பை அணைத்தாள். தலையணையை நகர்த்திச் சட்டையை எடுத்தாள். ஒருவரிடமும் சொல்லாமல் ஆற்றுக்கு நடந்தாள்.

சொல்லாமல் போனால் என்ன, கொழுமடையில் கொம்பையாவின் சட்டை தெருவில் போகிறது என்றால் கல்லுக்கும் காது முளைக்கும். படித்துறையில் பெண்கள் விலகி இடம் விட்டார்கள். அவள் கல்லில் அடிக்கவில்லை. பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலத் தண்ணீரில் அமிழ்த்தி, சோப்புப் போட்டு, கையாலேயே கசக்கி, அலசினாள். அழுக்கு கலங்கி ஓடியது. போகிறதே, போகிறதே என்று அவளுக்குள் ஒரு குரல் கூவிக்கொண்டே இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். பின்னாலேயே பாதி ஊர் வந்தது.

கொல்லைக் கொடியில் சட்டையை விரித்தாள். ஆவுடையம்மாளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் கொடிக்குக் கீழேயே வந்து உட்கார்ந்துகொண்டாள், சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் தலையில் விழுந்தது, நகரவில்லை. சங்கரபாண்டி வந்தார், நர்ஸம்மா வந்தார், டீச்சர் வந்தார், டீக்கடை இரண்டு பெஞ்சும் எழுந்து வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றன. வெயில் ஏறியது. காலர் முதலில் காய்ந்தது, பிறகு தோள், பிறகு கை. ஓரம் கடைசியில்தான் காயும் என்று இப்போது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கீழ்மடிப்பின் ஈரக்கோடு சுருங்கிச் சுருங்கி ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அது நேராகவே இருந்துவிடும் என்று ஒரு கணமும், இருக்காது என்று ஒரு கணமுமாக உலகம்மாள் கொடிக்கருகில் நின்றாள். எது வந்தால் தாங்குவோம் என்று அவளுக்கு அப்போதும் தெரியவில்லை.

ஈரக்கோடு மறைந்தது. காற்று அடித்தது. சட்டை ஒருமுறை புரண்டு விரிந்தது.

"ஐயோ" என்றாள் வடிவு. "எலி கடிச்சிருக்குட்டி!"

ஆமாம், எலிதான். கீழ்மடிப்பில் ஓரிடத்தில் ஆழமாக, ஓரிடத்தில் மேலாக, கையின் விளிம்பில், காலரின் நுனியில்கூடக் கொறித்திருந்தது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்த சட்டையை எலிக்குக் கொடுத்துவிட்டோமே, துவைக்கும்போது கையில் தட்டுப்படவில்லையே என்று உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். கூட்டத்தில் சில பெண்கள் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். பியூலா டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, ஆவுடையம்மாளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார்.

ஆவுடையம்மாள் கையை உயர்த்தி, "இங்க கொண்டா" என்றாள்.

மகன் போன நாளிலிருந்து அவள் கைக்கு அந்தச் சட்டை வருவது அதுதான் முதல் தடவை. மடியில் போட்டுக்கொண்டு, முதலில் அதை முகத்தில் வைத்துப் பார்த்தாள். சோப்பு மணமும் வெயில் மணமும்தான் இருந்தன. பிறகு வழக்கம்போல விரலை ஓரத்தில் ஓட்டினாள். மெதுவாக ஓட்டினாள். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓட்டினாள். பிறகு இன்னொரு கையை நீட்டித் துழாவி, குனிந்து நின்ற மருமகளின் முந்தானையைப் பிடித்து இழுத்து, அதன் ஓரத்தையும் தடவினாள். ஒரு கையில் சட்டை, ஒரு கையில் சேலை.

"எலி இல்லட்டி" என்றாள் ஆவுடையம்மாள். "இது நீ."

முதலில் புரிந்தது பட்டுச்சேலையைப் பறிகொடுத்த வடிவுக்குத்தான். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டார்கள். உலகம்மாள் சட்டையை வாங்கித் தன் சேலையோடு வைத்துப் பார்த்தாள். ஆழத்துக்கு ஆழம், மேட்டுக்கு மேடு, ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு நூல் பிரியவில்லை. தினம் தினம் கன்னத்துக்கு அடியில் வைத்து, அவன் மணத்தைத் தேடித் தேடி, தன் எண்ணெயையும் வேர்வையையும் கண்ணீரையும் அதில் ஏற்றி, அவனை அவளே கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சட்டையை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறாள். இனி அது அவனைப் பற்றி எதுவும் சொல்லாது, இருக்கிறான் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

ஊருக்குச் சில நேரம் மரியாதை தெரியும். ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். அன்று டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எல்லாரும் போன பிறகு ஆவுடையம்மாள் கேட்டாள். "அப்பம் எம்மவன்?"

"தெரியல அத்தை. எனக்கும் தெரியல."

"சரி" என்றாள் கிழவி. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காக்காய்க்கு வைத்த இலையைத் தடவினாள். சோறு இல்லை, இலையை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுக் காக்கா போயிருந்தது. "யாருக்குன்னு கேக்காமத் தின்னுட்டுப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அந்த வெறும் இலையில் கையை வைத்தபடியே நின்றாள்.

மறுநாள் விடியும்போது இலை லாரி தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. முகூர்த்த நாள் வருகிறது, தோட்டத்துக்குச் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். உலகம்மாள் உரச்சாக்கைத் தேடினாள், கொல்லையில் நனைந்து கிடந்தது. ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு நீலக்கட்டத்தை எடுத்துச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, அவசரத்தில் பித்தான்களைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாள் கையை நீட்டினாள். துணி பட்டதும் விரல்கள் தானாக மேலே ஏறிப் போய்ப் பித்தான் வரிசையைத் தொட்டன. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தது.

"நில்லு" என்றாள்.

லாரி மறுபடி ஹாரன் அடித்தது. உலகம்மாள் நின்றாள். படியில் கீழே இறங்கி, மாமியார் கைக்கு எட்டுகிற மாதிரி குனிந்து நின்றாள். ஆவுடையம்மாள் எல்லாப் பித்தான்களையும் கழற்றினாள். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக, துளையைத் தடவிப் பார்த்து, பித்தானைத் தடவிப் பார்த்து, அவசரமே இல்லாமல் போட்டுக்கொண்டு வந்தாள். கடைசிப் பித்தானைப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் சட்டையை விடவில்லை. உலகம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துருதேன் அத்தை."

"போயிட்டு வா."

தோட்டத்தில் அன்று நல்ல அறுப்பு. நெஞ்சிலும் தோளிலும் கட்டுகளைச் சுமந்து சுமந்து சட்டை முழுக்கக் கறை ஏறியது, எந்தச் சோப்புக்கும் போகாத கறை. ஆவுடையம்மாள் மத்தியானமும் படியை விட்டு எழவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சோறு கொண்டுவந்து கொடுத்ததை அங்கேயே இருந்து தின்றாள், தெருவில் காலடி கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பினாள். வெயில் தாழ்ந்து, ஆற்றுப் பக்கம் காற்று மாறி, கொடிகளில் ஊர்த் துணிகளெல்லாம் பல்லும் பிறையும் அலையுமாக அசைந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தச் சட்டை வீட்டுக்குத் திரும்பி வந்தது.